பச்சைத் துண்டு

ஆபீஸ் வாசல் பெஞ்சில் கொடிக்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஈரச் சாக்கு, சாக்குக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடித்துண்டு. காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே வந்தவள். வெயில் பெஞ்சின் பாதிவரை ஏறிவிட்டது. அவளும் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டாள். சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் காலில் இறங்கி சிமெண்டுத் தரையில் தேங்கியது. பியூன் இரண்டு முறை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனான்.

பக்கத்தில் குருவி இருந்தாள். கூட வேலை செய்கிறவள். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

"அந்தச் சனியனக் கீழ வையேன்டி. யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க."

"வெயில் படும். தளிர் வாடிடும்."

"வாடினா வாடட்டும். அது என்ன பூவா?"

"அவங்க பாக்கணும்ல. பாத்தாத்தான நம்புவாங்க."

குருவி பெருமூச்சு விட்டாள். "நம்பறவங்களா இருந்தா இவ்ளோ நேரம் வெயில்ல காய விட மாட்டாங்க. நீ ஒருத்தி!"

இவர்கள் வேலை கொடி வெட்டுவது. கீழே நின்று பார்த்தால் காட்டில் மரங்கள் தனித்தனியாக நிற்பதுபோலத்தான் தெரியும். மேலே, அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், தொடைப் பருமனுள்ள கொடிகள் ஒரு மரத்தின் தலையை இன்னொரு மரத்தின் தலையோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கும். ஒன்றைச் சாய்த்தால் அது போகிற போக்கில் நாலைந்தை இழுத்துக்கொண்டு போகும். அதனால் எந்த பிளாக்கில் மரம் எடுக்கப் போகிறார்களோ, அங்கே பெண்கள் முன்கூட்டியே கத்தியோடு நுழைந்து கொடிகளை வெட்டிவிட வேண்டும். பிறகு ஒரு மழைக்காலம் முழுசாகப் போக வேண்டும். கொடி மேலேயே செத்து, உளுத்து, தானாக உதிரும். அதற்கப்புறம்தான் ரம்பம் உள்ளே வரலாம். அப்போது அறுத்த மரம் மட்டும் விழும். வெள்ளை வளையம் பூசி விதைக்காக விட்டிருக்கிற தாய்மரங்கள் நிற்கும், அவை உதிர்க்கிற விதையில் காடு மறுபடி நிரம்பும். காட்டை அழிக்காமல் மரம் எடுக்கிறார்கள் என்று கம்பெனிக்குக் கொடுத்த பசுமைச் சான்றிதழ் இந்த ஒரு வேலையின் தயவில் கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு உள்ளே பாதுகாப்பு ஆபீசரின் தலைக்குமேல் மாட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு கொடிக்கும் இரண்டு வெட்டு. முழங்கால் உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று. ஒரே வெட்டோடு விட்டால் சில கொடிகள் தொங்கிக்கொண்டே வேர் இறக்கி மறுபடி மண்ணைப் பிடித்துவிடும். நடுவில் கழன்று வருகிற துண்டை மற்றவர்கள் தூக்கி எறிந்துவிட்டு நடப்பார்கள். கொடிக்காரி மட்டும் அதில் ஒரு முழங்கை நீளம் நறுக்கி, மரத்தின் வேர்மேல் குறுக்காக வைத்துவிட்டு வருவாள். அது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் உள்ள ஏற்பாடு. அவன் மிஷின் ரம்பக்காரன். மழை கழிந்து வருகிறவன் அந்தத் துண்டை எடுத்து முழங்காலில் வைத்து ஒடிப்பான். படக்கென்று ஒடிந்தால் மேலேயும் காய்ந்துவிட்டது, தைரியமாக ரம்பத்தை வைக்கலாம். "எம் பொண்டாட்டி கடுதாசி போட்டிருக்கா, இருங்கடா படிச்சிட்டு வரேன்" என்பான். கூட இருக்கிறவர்கள் விசில் அடிப்பார்கள்.

இந்த வருஷம் மில்லுக்கு மரம் பற்றவில்லை. பெண்கள் கொடி வெட்டி முடித்த பிளாக்கை, மழை வரும் முன்பே திறந்துவிட்டார்கள். ரம்பக்காரன் வேரில் இருந்த துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தான். அது ஒடியவில்லை, வில்லாக வளைந்தது. மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினான். மேஸ்திரி, "பயமா இருந்தா வீட்டுக்குப் போ. ரம்பத்தத் தூக்க வெளிய ஆள் நிக்கறான்" என்றான். ரம்பக்காரன் துண்டை வீசிவிட்டு மிஷினைக் கிளப்பினான்.

மரம் சாய்கிற திசையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேலே ஒரு பச்சைக்கொடி விறைத்து இழுத்தது. பக்கத்தில் நின்ற தாய்மரத்தின் தலை அப்படியே முறிந்து வந்தது. அதில் ஒரு கிளை ஓடுகிறவன் முதுகில் விழுந்தது.

அவனை லாரியில் ஏற்றி டாக்டரிடம் அனுப்பியபின் கொடிக்காரி அழுதுகொண்டே அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். புதருக்குள் துண்டு கிடந்தது. இரண்டு நுனியிலும் அவள் வெட்டு. ஒரு பக்கத்தில் நகத்தளவு இரண்டு இலையோடு சின்னத் தளிர் விட்டிருந்தது.

அதைத்தான் ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். குருவியை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு ஆபீசர் வயதில் சின்னவர். மரியாதையாகப் பேசுகிறவர். நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா, டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மேஸ்திரி சுவரில் சாய்ந்து நின்றான்.

"டீ வேண்டாம் சார். அவர எப்ப பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க? தள்ளிப் போடப் போட காலு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னாரு."

"அதுக்குத்தாம்மா இந்த விசாரணை. இது முடிஞ்சாத்தான் இன்சூரன்ஸ்ல பேச முடியும். சொல்லுங்க, அந்தக் கொடிய நீங்க வெட்டினீங்களா, இல்லையா?"

அவள் சாக்கைப் பிரித்துத் துண்டை மேசைமேல் வைத்தாள். ஆபீசர் தன் காகிதங்களை அவசரமாகத் தள்ளி வைத்தார்.

"இதுதான் சார் அந்தக் கொடி. ரெண்டு பக்கமும் என் கத்தி வெட்டு. நான் வெட்டாம விடல."

ஆபீசர் துண்டைப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பளிச்சென்று பச்சை தெரிந்தது.

"பச்சையா இருக்கேம்மா."

"ஆமா சார், அதத்தான் சொல்றேன். பச்சையா இருக்கும்போதே ரம்பத்த உள்ள விட்டுட்டாங்க."

"போன வருஷம் வெட்டின கொடி இப்படியா இருக்கும்?"

"போன வருஷம் எங்க சார் வெட்டினோம்? இந்த வெயில் காலத்துலதான வெட்டினோம்."

ஆபீசர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தன் செருப்பைப் பார்த்தான். "அந்த பிளாக்குல போன வருஷமே கொடி வெட்டி முடிச்சாச்சு சார். அப்பவே மேல சொல்லியாச்சு."

"ஏன் மேஸ்திரி, வாய் கூசல? நீங்கதான எங்கள லாரில ஏத்திட்டுப் போனீங்க?"

ஆபீசர் துண்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல் பார்த்தார். "நல்ல ஈரமா வேற இருக்கு. இதப் பாக்கற யாரும் என்ன சொல்வாங்க தெரியுமா? ஆக்சிடென்ட் ஆனதுக்கப்புறம் போயி வெட்டிட்டு வந்துட்டான்னுதான் சொல்வாங்க."

"ஐயோ சார், ஈரம் நான் நனைச்சது. தளிர் வாடக்கூடாதுன்னு சாக்க நனைச்சு சுத்தி வச்சேன். தளிரப் பாருங்க சார். நேத்து வெட்டினா இன்னிக்குத் தளிர் விடுமா?"

"எங்க?"

அவள் விரலால் காட்டினாள். ஆபீசர் குனிந்து பார்த்தார். இரண்டு விரலுக்கிடையில் அந்தத் தளிரைப் பிடித்தபடியே பேசினார். "அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கோவப்படாம கேளுங்க. இதுல ரெண்டே வழிதான் இருக்கு. கொடி பச்சையா இருக்கறது தெரிஞ்சும் உங்க வீட்டுக்காரர் ரம்பத்த வச்சாருன்னா, அது அவரோட அலட்சியம். சல்லிக்காசு வராது. கொடி வெட்டறவங்க ஒண்ண விட்டுட்டாங்க, அது அவருக்குத் தெரியாதுன்னா, அது கூட வேலை செய்யறவங்க தப்பு. அப்ப வைத்தியம் முழுக்க இன்சூரன்ஸ் பாத்துக்கும்."

"மூணாவது வழி ஒண்ணு இருக்கே சார்."

"என்ன?"

"மழைக்கு முன்னாடி பிளாக்கத் தொறந்தது."

ஆபீசர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "அடுத்த வாரம் சான்றிதழ்க்காரங்க பாக்க வராங்க. ஒரு தாய்மரம் போயிடுச்சேன்னு ஏற்கெனவே எனக்குத் தூக்கமில்ல. நீங்க சொல்றத எழுதினா சான்றிதழ் போயிடும். சான்றிதழ் இல்லாத மரத்த எவனும் வாங்க மாட்டான். அப்புறம் லைன் வீட்டுல எத்தன அடுப்பு எரியும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

பேச்சுவாக்கில் விரல் அந்தத் தளிரைக் கிள்ளிவிட்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மேசையிலிருந்த தன் டீத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கொடிக்காரி டீத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தாள்.

"கேளுங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. துண்டு இங்கயே இருக்கட்டும்."

கம்பெனி கொடுத்த லைன் வீட்டின் முன்னறையில் பலகை போட்டு ரம்பக்காரனைக் கிடத்தியிருந்தார்கள். மெத்தை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைமாட்டில் மாமியார் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் கொழுந்தன் நின்றான். அண்ணனின் ரம்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறவன், ஆப்பு அடிக்கிறவன். அன்றைக்கும் கூடவே இருந்தவன்.

"என்ன, கடுதாசியப் படிச்சாங்களா?" என்றான் ரம்பக்காரன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "நீதான தம்பி பாத்தே? துண்ட வளைச்சு மேஸ்திரிகிட்ட காட்டினத நீ பாத்தேல்ல? வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

கொழுந்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "காலைலயே கூப்பிட்டு விசாரிச்சுட்டாங்க அண்ணி. பெட்ரோல் கேன் எடுக்கப் போயிருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டேன்." கம்பியை விடாமலே, "எம் பொண்டாட்டி இப்ப மாசமா இருக்கா அண்ணி. வேலைய விட்டு அனுப்பிட்டா எங்க போவேன்?" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

கொடிக்காரி அவனைத் திட்டவில்லை. திட்டினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

"இந்தா, இங்க பாரு" என்றான் புருஷன். "நீ வெட்டாம விட்ட கொடின்னு ஒண்ணு இந்தக் காட்டுலயே கெடையாது. அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். போயி அப்படிச் சொல்லிட்டு வந்தே, அப்புறம் எம் மூஞ்சில முழிக்காத."

"சொல்லலன்னா ஆபரேஷன் இல்லையே."

"இல்லாட்டி போவுது. கெடந்துட்டுப் போறேன். எனக்குப் பதிலா நீ பழியச் சுமக்கணுமா? நான்தான தெரிஞ்சே ரம்பத்த வச்சேன். அப்பவே தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கணும். புத்தி வேலை செய்யல."

"வந்திருந்தா மட்டும்? மறுநாள் சோத்துக்கு என்ன வழின்னு நானே உங்களத் திட்டியிருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலியில் பல்லைக் கடித்தான்.

அவன் இடதுகால் பெருவிரலில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. பெரிய ஈ. விரலிடுக்கில் நுழைந்தது, மறுபடி ஏறி நகத்தின்மேல் நின்று கையைத் தேய்த்தது. ரம்பக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். காட்டில் ஒரு எறும்பு ஏறினால்கூட காலை உதறித் துள்ளுகிற மனுஷன். கொடிக்காரி குனிந்து ஈயை ஓட்டினாள். அப்படியே விரலை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். அவன் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. காலை யாரோ பிடித்திருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் எழுந்து வெளியே வந்தாள். நேராக ஆபீசுக்கு நடந்தாள்.

"நான்தான் விட்டுட்டேன் சார்" என்றாள். "கவனிக்காம விட்டுட்டேன். அப்புறம் பயந்துபோயி வெட்டி எடுத்துட்டு வந்தேன்."

ஆபீசர் எழுதினார். எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். "நல்ல முடிவும்மா" என்றார் ஆபீசர். உண்மையிலேயே அவருக்கு நிம்மதியாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. தப்புச் செய்தவள் என்று ஆகிவிட்டதால் நிரந்தர வேலையிலிருந்து எடுத்துத் தினக்கூலியில் போட்டார்கள். வேறு வழியில்லை, கம்பெனி விதி அப்படி என்றார் ஆபீசர்.

செய்தி அவளுக்கு முன்னால் லைன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. "எம் புள்ளைய முடக்கிப் போட்டுட்டியே பாவி" என்று மாமியார் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். தலைமாட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவள்தான், ஆனாலும் இதெல்லாம் பொய் என்று யார் எடுத்துச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. "அவளே சொல்லிட்டாளே, வேற என்ன வேணும்?" என்றாள். குருவிகூட முகம் கொடுக்கவில்லை. "உம் புருஷனுக்காகச் சொன்னே, சரி. ஆனா கொடி வெட்டறவளுங்க எல்லாரும் வேலைல ஏமாத்தறவளுங்கன்னு இப்ப பேராயிடுச்சேடி" என்றாள். ரம்பக்காரன் அவள் கொண்டுபோன தண்ணீரை வாயைத் திறந்து குடித்தான். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்ப முடிந்தது அது ஒன்றுதான்.

சான்றிதழ்க்காரர்கள் வந்தார்கள். புது பூட்ஸ், முதுகில் பை, கழுத்தில் காமிரா. தலை முறிந்த தாய்மரத்தின் அடியில் நெடுநேரம் நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மாள் மரத்தின் காயத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மரத்தில் அடித்திருந்த தகட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். எப்படி ஆயிற்று என்று ஒருவர் கேட்டபோது, ஆபீசர் ஓரமாக நின்ற பெண்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் கோபப்படவில்லை. பாவம், இவர்களுக்குப் பயிற்சி பற்றாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாளே பயிற்சி நடந்தது. தார்ப்பாயின் கீழ் பெண்களை உட்கார வைத்தார்கள். ஆபீசர் மேசைமேலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, இப்படித்தான் வெட்டணும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. வெட்டு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க." துண்டு கை மாறி வரிசையாக வந்தது. கொடிக்காரி கைக்கு வந்தபோது அது நன்றாகக் காய்ந்திருந்தது. தளிர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அவள் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

இன்சூரன்ஸ் பதிலை மேஸ்திரிதான் வந்து சொன்னான், காலையில் ஆள் எடுக்கிற இடத்தில், எல்லோரும் நிற்கும்போது.

"ஒத்துக்கலியாம். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டு ஆளாம். பொண்டாட்டி தப்பால புருஷனுக்கு அடிபட்டா அது கூட வேலை செய்யறவங்க கணக்குல வராதாம்."

கொடிக்காரிக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்ப ஆபரேஷன்?"

"அதான் சொல்றேனே. மேல எழுதிப் பாத்தோம், கைய விரிச்சுட்டாங்க."

"இது முன்னாடியே தெரியாதா மேஸ்திரி? நாங்க புருஷன் பொண்டாட்டின்னு ஊருக்கே தெரியுமே. கையெழுத்து வாங்கும்போது தெரியலையா?"

"என்னயக் கேட்டா? நான் என்ன சட்டம் படிச்சவனா?" மேஸ்திரி குரலை இறக்கினான். "கம்பெனி ஒண்ணும் கைகழுவிடல. ஆபீசர் சொல்லி உங்க வீட்டுக்கே வேலை கொடுத்திருக்கு. ரம்பம் இனிமே உங் கொழுந்தனுக்குத்தான். வீட்ட காலி பண்ணச் சொல்லல. சந்தோஷப்பட்டுக்க."

லாரி வந்து நின்றது. வரிசை நகர்ந்தது. அவளும் ஏறினாள். ஏறாவிட்டால் அன்றைய கூலி கிடையாது.

புது பிளாக். மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் மரமே பெரிய மரம். அதன்மேல் இரண்டு கொடி பின்னிக்கொண்டு ஏறியிருந்தது. கொடிக்காரி முழங்கால் உயரத்தில் வெட்டினாள், தோள் உயரத்தில் வெட்டினாள். பச்சை வெட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அவள் கையிலும் முகத்திலும் தெளித்தது. நடுத்துண்டைக் கழற்றி நிமிர்ந்தபோது, பெயிண்ட் டப்பாவோடு ஒருவன் வந்து அதே மரத்தில் சிவப்புக் குறி போட்டான். சிவப்பு என்றால் அறுக்க வேண்டிய மரம். பெயிண்ட் கோடாக வழிந்து அவள் வெட்டின்மேல் இறங்கியது.

"இதுக்கு ஏன் இப்பவே போடறே?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு எடுக்கறதாம்" என்றுவிட்டு அவன் அடுத்த மரத்துக்குப் போனான்.

பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பினாள். கொழுந்தன் நின்றான். தோளில் அண்ணனுடைய ரம்பம், தலையில் அண்ணனுடைய தொப்பி. தொப்பி அவனுக்குப் பெரிதாக இருந்தது, நெற்றியில் இறங்கிக் கிடந்தது. அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கொடிக்காரி துண்டில் ஒரு முழங்கை நீளம் நறுக்கினாள். முழங்காலில் வைத்து வளைத்துக் காட்டினாள். அது வில்லாக வளைந்தது.

கொழுந்தன் அதைப் பார்த்தான். அண்ணாந்து மேலே பார்த்தான். இலைகள் அசையாமல், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பச்சைப் பசேலென்று நின்றன.

"தள்ளி நில்லுங்க அண்ணி" என்றான். ரம்பத்தை இறக்கிக் கயிற்றை இழுத்தான்.

அவள் தள்ளி நின்றாள். வெட்டியதும் துண்டை வேரில் வைத்துவிட்டு வருவதுதான் பழக்கம், அடுத்த மழை கழிந்து வருகிறவன் எடுத்துப் பார்ப்பதற்கு. இன்றைக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.